தொண்ணூற்றொரு டிகிரி

அத்தியாயம் 11

திரை நீலமாக இருந்தது. அதன் ஓரத்தில், வெள்ளை எழுத்தில், யாருக்கும் வெட்கப்படாமல் ஓர் எண் நின்றுகொண்டிருந்தது: 91.

ரமணா அதை முறைத்தான். அது 92 ஆயிற்று.

"மொறச்சா ஏறுதுடா. சிரிச்சிப் பாரேன்" என்றாள் யமுனா.

அவன் சிரிப்பதற்குள் கம்ப்யூட்டரே பொட்டென்று அணைந்துபோனது. காலையிலிருந்து எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அக்காவும் தம்பியும் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

சித்தூர் நாகையா வீட்டுக்குப் போன வாரம் இரண்டு வரவுகள். ஒன்று, திருப்பதியிலிருந்து அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வந்த கம்ப்யூட்டர். இன்னொன்று, குடுபல்லியிலிருந்து வந்த நாகையாவின் ஒன்றுவிட்ட அக்கா கங்கம்மாள். கம்ப்யூட்டர் பேசாது. கங்கம்மாள் பேசினாள். குவைத்தில் இருக்கும் தன் மகன் சாய்குமாருக்கு ஆவணியில் லீவு, அந்த லீவுக்குள் யமுனாவுக்குத் தாலி என்றாள். சாய்குமாரைப் பற்றி யமுனாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு போட்டோ. அதில் அவன் யாருடைய காரின் மேலோ கை வைத்துக்கொண்டு நின்றான்.

நாகையா நியாயமான மனிதர். அதனால் யாருக்கும் உபயோகமில்லாத தீர்ப்பாக ஒன்றைச் சொன்னார்.

"பொண்ணு கம்ப்யூட்டர் வேலைக்குப் படிச்சிக்கினு கீது. வீட்லயே உக்காந்து செய்யற வேலை. அது கெடச்சா ஒரு வருசம் பொறு. கெடைக்கலன்னா ஆவணியில வெச்சிக்கலாம்."

சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணிப் பதில் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள் கங்கம்மாள்.

இன்றைக்குத்தான் சனிக்கிழமை.

இன்றைக்குத்தான், நாலு மணிக்கு, திருப்பதி கம்பெனியிலிருந்து கீர்த்தி மேடம் வருகிறாள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டு டேப்பில் பேசி அனுப்புவார்கள். அதைக் கேட்டு டைப் அடிப்பதுதான் வேலை. வீட்டில் நல்ல மெஷின் இருக்கிறதா என்று மேடம் பார்ப்பாள். அதே மெஷினில் யமுனாவை உட்காரவைத்து ஒரு டெஸ்ட் வைப்பாள்.

அந்த நல்ல மெஷினைத்தான் ரமணா கட்டியிருந்தான்.

ரமணா திருப்பதியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். ப்ராசஸரின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போர்டில் வரைவான். ஒரு ப்ராசஸரைக் கையால் தொட்டது நேற்று ராத்திரிதான் முதல் தடவை. "நானே மாட்டிக் குடுக்கறேன் தம்முடு" என்று கடைக்காரர் சிட்டிபாபு சொன்னபோது அவன் சிரித்தான். எப்படிச் சிரித்தான் என்பது இன்று காலையிலிருந்து அவனுக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

"ஓடிச்சாடா?" என்றபடி அப்பா நாகையா உள்ளே வந்தார். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் எடைமேடை அவர் பொறுப்பு. சீசன் நேரம், லாரிகள் புத்தலப்பட்டு ரோடு வரைக்கும் வரிசையில் நிற்கும். அந்த நேரத்தில் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றால் அவர் மனசு எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

"சூடாவுது நைனா. தொண்ணூத்தி ஒண்ணு காட்டுது."

நாகையா யோசித்தார். "மனுசனுக்கே தொண்ணூத்தெட்டு கீது. அதுக்குக் காய்ச்சலே இல்லியேடா."

"அது ஃபாரன்ஹீட் நைனா. இது செல்சியஸ். நூறுல தண்ணி கொதிக்கும்."

"அப்ப இன்னும் கொதிக்கல இல்ல?"

இதற்கு மேல் விளக்கப் பாடத்திட்டத்தில் இடமில்லை. ரமணா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

விஷயம் ரொம்பச் சின்னது. கம்ப்யூட்டரின் மூளை ப்ராசஸர். யோசித்தால் அதற்குச் சூடேறும். அந்தச் சூட்டை வாங்கிக் காற்றில் விட அதன் தலைமேல் ஓர் அலுமினியக் கட்டி. கட்டியின் மேல் ஒரு குட்டி ஃபேன். எல்லாம் சரியாக இருந்தால் ஐம்பது டிகிரியில் சாதுவாக ஓடும். சரியாக இல்லையென்றால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே அணைந்துவிடும்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஃபேன் சுற்றியது. ஒயர்கள் அதனதன் இடத்தில் இருந்தன. ஒன்றுதான் மீதி. ரமணா அதற்காகவே காத்திருந்தவன்போல எழுந்தான்.

"கவர்தான் நைனா. கவரைக் கழட்டணும்."

நாகையா பெட்டியின் முன்னால் வந்து நின்றார்.

அந்த வீட்டில் கவர் என்பது சாதாரண வார்த்தை இல்லை. டிவி ரிமோட் கவருக்குள் இருந்தது. நாலு குஷன் நாற்காலிகள் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக்கோடு ஆறு வருடமாக நின்றன. வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் தோல் தனியாகக் கழன்று வருகிற மாதிரி சத்தம் கேட்கும். ஸ்கூட்டரின் சீட், ஃப்ரிட்ஜின் கைப்பிடி, சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடி எல்லாவற்றுக்கும் உறை. டெலிபோனுக்கு ரிசீவர் முதற்கொண்டு உடம்பு பூரா கெட்டி பிளாஸ்டிக். பேசினால் மறுமுனையில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். ஆகையால் அந்த வீட்டில் யாரும் போனில் பேசியதில்லை. கத்தினார்கள். நாகையா வீட்டு விஷயம் தெருவுக்குத் தெரிவது அப்படித்தான்.

ரமணா கிண்டலடிக்காத நாள் கிடையாது. நாகையா ஒருமுறைதான் பதில் சொன்னார். குடுபல்லியில் இருந்தவரை அவர் போட்ட சட்டை, ஓட்டிய சைக்கிள், சாப்பிட்ட தட்டு எல்லாமே வேறு யாரோ உபயோகித்து முடித்தது. "கவர் இருந்தாத்தான்டா அது நமக்குன்னு வந்தது." அதற்குப் பிறகு ரமணா கிண்டலை நிறுத்தவில்லை, அவர் இல்லாதபோது மட்டும் செய்தான்.

கம்ப்யூட்டர் பெட்டியின் மேலும் கடையிலிருந்து வந்த அந்தக் கண்ணாடிக் காகிதம் அப்படியே இருந்தது. பக்கத்தில் காற்றுத் துளைகள். துளைகளின் மேல் பிளாஸ்டிக்.

"காத்தே போவல நைனா உள்ள! மூஞ்சியில கவரைப் போட்டு நீ ஓடிப் பாரு!"

"கிழிக்காதடா. ஓரமா ஓட்டை போடு."

"நைனா, நாலு மணிக்கு மேடம் வர்றாங்க" என்றாள் யமுனா. சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் நாகையா எதிர்த்துச் சத்தம் போட்டிருப்பார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரமணா கிழித்தான். சும்மா கிழிக்கவில்லை, தன் பத்தொன்பது வயசுக்கும் சேர்த்துக் கிழித்தான். பெட்டி அம்மணமாக நின்றது. பட்டனை அழுத்தி, நீலத் திரைக்குப் போய், எல்லோரையும் கிட்டே கூப்பிட்டான்.

64. 72. 80. 88.

91.

"பாத்தியா" என்றார் நாகையா. நிதானமாகச் சொன்னார். "கவரு பாவம், இன்னா பண்ணுச்சி?" கிழிந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, மடித்து, பீரோவின் மேல் வைத்தார்.

செங்கம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். காய்ச்சல் என்றால் அவளுக்கு ஒரே முறைதான். ரமணா மறுபடி திறந்துவைத்த பெட்டிக்குள் புறங்கையை விட்டு, அலுமினியக் கட்டியின் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதுவா சுடுது? சில்லுனு கீதே!"

ரமணாவும் தொட்டுப் பார்த்தான். உண்மைதான். திரையில் தொண்ணூற்றொன்று. கட்டியோ மண்பானை மாதிரி இருந்தது.

அவன் முகம் மலர்ந்தது. ஒரு மனிதன் தப்பான இடத்தில் சந்தோஷப்படுவதைப் பார்க்க வேண்டுமானால் அந்த நிமிஷம் அவனைப் பார்த்திருக்க வேண்டும்.

"ரீடிங்தான் தப்பு! சூடே இல்ல! மீட்டர் பொய் சொல்லுது!"

"மீட்டர் எங்கியாவது பொய் சொல்லுமாடா?" என்றார் நாகையா. "எடமேடையில இத்தினி வருசமா நிக்கறேன். முள்ளு பொய் சொன்னதே இல்ல. லாரிக்காரன்தான் சொல்லுவான்."

"இங்க லாரிக்காரன் யாரு நைனா?"

நாகையா மகனைப் பார்த்தார், அவ்வளவுதான்.

ரமணா திருப்பதிக்குப் போன் போட்டான்.

"சிட்டிபாபு அண்ணா! நான் ரமணா! சித்தூர் ரமணா! டெம்பரேச்சர் தொண்ணூத்தி ஒண்ணு காட்டுது! தொண்ணூத்தி ஒண்ணு!"

எதிர் வீட்டு மணியம்மா வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள்.

"ஹீட் சிங்க், அந்த அலுமினியக் கட்டி, தொட்டா எப்படி உந்தி?" என்றது கிணற்றுக்குள்ளிருந்து சிட்டிபாபுவின் குரல்.

"சில்லுனு கீது அண்ணா!"

"சல்லகா உந்தா? அப்ப ஏமி காது தம்முடு, ஒண்ணும் ஆவாது. புது போர்டு எல்லாம் இப்படித்தான், சென்சார் தப்பு செப்புது. டென்ஷன் படாத. அந்த வார்னிங் ஆஃப் செய்திடு. அந்தே!" பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "மாட்டும்போது எல்லாம் சரியா மாட்டினே கதா?"

"எல்லாம் கரெக்டா மாட்டினேன்!" என்று தெருவுக்கே அறிவித்தான் ரமணா.

போனை வைத்தபோது யமுனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய். மீட்டர் பொய்யின்னா மெஷின் ஏன் நெஜமா ஆஃப் ஆவுது?"

"மீட்டர் சொல்றத நம்பி ஆஃப் ஆவுது. அந்த வார்னிங்க எடுத்துட்டா ஆஃப் ஆவாது."

"வாச்மேன் கத்தறான்னு அவன் வாயில துணிய வெக்கற மாதிரி கீதேடா."

"அக்கா, நீ பயாலஜி. இது எலெக்ட்ரானிக்ஸ்."

எச்சரிக்கை என்ற வரியில் போய் 'வேண்டாம்' என்று போட்டான். நீலத் திரை மறைந்தது. யமுனா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய பயிற்சி ஃபைலைத் திறந்தாள். அதில் ஓர் ஐம்பது வயது அமெரிக்கர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்கு வருவார். காலையிலிருந்து பாவம் அந்த மனிதர் வந்துகொண்டே இருக்கிறார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்குள் மெஷின் அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து நெஞ்சுவலி.

இந்தத் தடவை ஸ்டெதஸ்கோப் வந்துவிட்டது. ரத்த அழுத்தம் வந்துவிட்டது. யமுனாவின் விரல்கள் ஓடின. அவள் டைப் அடிக்கும்போது தோள் அசையாது, கண் திரையைவிட்டு நகராது. அந்த நேரத்தில் அவள் அந்த வீட்டிலேயே இல்லாத மாதிரி இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில், கரண்ட் போன மத்தியானங்களில்கூட எழுந்திருக்காமல், குளிர்காலம் வெயில்காலம் இரண்டையும் அப்படியே உட்கார்ந்து கழித்தவள்.

"ஈ.சி.ஜி. எடுத்துட்டாங்க" என்றாள் திரும்பாமல்.

"சொன்னேன் இல்ல!" என்றான் ரமணா.

திரை உறைந்தது. மவுஸின் அம்பு பாதி வழியில் நின்றது. காதில் டாக்டர் ஒரே எழுத்தைத் திக்கித் திக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்த வாசனை வந்தது, தாளிப்பில் ஏதோ கருகின மாதிரி.

"அய்யய்யோ, அடுப்புல ஒண்ணுமே வெக்கலியே!" என்று செங்கம்மா ஓடிவந்தாள்.

ரமணா பிளக்கைப் பிடுங்கினான்.

 யமுனா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கோபமாக ஏதாவது சொல்வாள் என்று ரமணா எதிர்பார்த்தான். அவள் சொன்னது அதைவிட மோசம்.

"பரவால்ல விடுடா. உனுக்குத் தெரிஞ்சத நீ பண்ணின."

"அப்பிடிச் சொல்லாத அக்கா."

"வேற இன்னா சொல்றது? மேடம் வந்தா மெஷின் ரிப்பேர்னு சொல்லிடலாம். சாயங்காலம் நைனா அத்தைகிட்ட ஆவணின்னு சொல்லிடுவாரு. குவைத்துக்குப் போயி அவன் காரைத் தொடைக்கறேன். அதுவும் அவன் காரு இல்ல."

 ரமணாவுக்கு இருந்த ஒரே வழி எது என்று அவனுக்குக் காலையிலிருந்தே தெரியும். அலுமினியக் கட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதைத்தான் அவன் செய்யாமல் சுற்றிச் சுற்றி வந்தான். அந்தக் கட்டியைப் பிடித்திருப்பது ஓர் இரும்புக் கொக்கி. ஸ்க்ரூ டிரைவரை வைத்து முழு பலத்தோடு அழுத்தினால்தான் விடும். கை தவறினால் போர்டைக் கிழித்துவிடும், மொத்தமும் குப்பை. மாட்டும்போதே ஒருமுறை தவறியது. போர்டில் ஒரு கீறல். அதை யாரிடமும் சொல்லாமல், ஏழு மலையையும் ஒரே மூச்சில் கூப்பிட்டு, இரண்டாவது தடவையில் மாட்டியிருந்தான்.

"கழட்டறேன்" என்றான்.

"எத்த?"

"கட்டிய."

"ஒடஞ்சா?"

"ஓடாம இருக்கறதும் ஒடஞ்சதும் ஒண்ணுதான் அக்கா."

பெட்டியைப் படுக்கவைத்தார்கள். யமுனா டார்ச் அடித்தாள். நாகையா மேலே குனிந்து நின்றுகொண்டார். உதவிக்கு இல்லை, பிளாஸ்டிக் எதையாவது கிழிக்கிறானா என்று பார்க்க. செங்கம்மா கண்ணை மூடிக்கொண்டு கோவிந்தா கோவிந்தா என்று முணுமுணுத்தாள். ரமணா கொக்கியை அழுத்தினான். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. பாண்ட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினான்.

டக்.

கட்டி கையோடு வந்தது. போர்டு பிழைத்தது. ரமணா கட்டியைத் திருப்பினான்.

அடிப்பக்கத்தில் ஒன்றுமே தப்பாகத் தெரியவில்லை. சதுரமாக இளஞ்சிவப்பில் ஒரு பட்டை, சூட்டைக் கடத்துகிற பசை. அதன் மேல் என்னவோ பளபளத்தது. அவன் டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தலைக்கு மேலிருந்து நாகையாவின் குரல் வந்தது. பல வருடங்களாக அந்தக் குரலில் ரமணா அவ்வளவு பிரியத்தைக் கேட்டதில்லை.

"பரவால்லடா ரமணா. இதையாவது கிழிக்காம வெச்சிருக்கியே."

பட்டையின் மேல், கம்பெனிக்காரன் ஒட்டிய கண்ணாடிக் காகிதம், மூலை மடியாமல், பத்திரமாக இருந்தது. நடுவில் மட்டும் நகத்தளவு பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. ஓரத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி. இதைப் பிடித்து உரித்துவிட்டு மாட்டவும் என்பதற்கான படம். படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற படம்.

ப்ராசஸருக்கும் கட்டிக்கும் நடுவே பிளாஸ்டிக். சூடு மேலே ஏற முடியாமல் கீழேயே வெந்திருக்கிறது. கட்டி சில்லென்று இருந்ததே அதனால்தான். மீட்டர் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

  மாட்டினபோது அந்தக் காகிதத்தை ரமணா பார்த்தான். நன்றாக ஞாபகம் இருந்தது. பார்த்தபோது அது தப்பாகவே படவில்லை. புதுப் பொருள் என்றால் மேலே அப்படி ஒன்று இருக்கும், அதை அப்படியே விட வேண்டும், அவ்வளவுதான். மூன்று வருட இன்ஜினியரிங்குக்கு அவன் கைகளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

யமுனாவுக்குப் புரிந்துவிட்டது. டார்ச் வெளிச்சம் நடுங்கியது. அழுகிறாளோ என்று நிமிர்ந்தான். சிரிப்பை அடக்கமுடியாமல் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"லாரிக்காரன்" என்றாள்.

"இத்த உரிக்கணும் நைனா" என்றான் ரமணா, யாரையும் பார்க்காமல்.

"எதுக்கு? புதுசுடா! உள்ள யாரு பாக்கப் போறாங்க, அது பாட்டுக்கு..."

"குடு" என்று யமுனா கட்டியை வாங்கினாள். அம்புக்குறி இருந்த மூலையில் நகத்தை விட்டாள். ஒரே இழுப்பு. சர்ரென்று ஒரு சத்தம். நாகையா தன் தோலையே உரித்த மாதிரி முகத்தைச் சுளித்தார்.

மறுபடி கொக்கி, மறுபடி ஏழு மலை, மறுபடி பட்டன். கருகினது அந்தக் காகிதம் மட்டும்தானா என்று கடைசி வரை தெரியவில்லை. தெரிந்துகொள்ள யாருக்கும் தைரியமும் இல்லை. நீலத் திரை வந்தது.

38. 44. 49.

51.

எல்லோரும் காத்திருந்தார்கள். அது 51-லேயே உட்கார்ந்துகொண்டது. செங்கம்மா ஃபேனுக்கு மேலே புறங்கையை நீட்டினாள்.

"இப்ப சுடக்காத்து வருதே! கெட்டுப்போச்சாடா?"

"இல்லம்மா" என்றான் ரமணா.  "இப்பத்தான் வெளிய வருது."

வாசலில் குடையை மடக்கும் சத்தம் கேட்டது.

கீர்த்தி மேடம் அவர்கள் நினைத்ததைவிடச் சின்னவள். திருப்பதி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள்போல் களைத்திருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது நசநசவென்று வரவேற்றது. தெலுங்கில் ஆரம்பித்து, செங்கம்மா தமிழில் காபி வேண்டுமா என்றதும் தமிழுக்கு வந்தாள். மெஷினைச் சுற்றிப் பார்த்தாள்.

"யார் அசெம்பிள் செய்தது?"

"நான்தான் மேடம்" என்றான் ரமணா. காலையில் இருந்த கம்பீரம் குரலில் இல்லை.

"நீட்டா உந்தி."

யமுனா குனிந்து ஹெட்போனின் ஒயரைச் சரிசெய்தாள், ரொம்ப நேரம்.

டெஸ்ட் ஆரம்பித்தது. மேடம் கொண்டுவந்த சி.டி.யில் ஒரு பெண் டாக்டர், வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினாள். ரமணா பெட்டிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்று, வெளியே வரும் காற்றில் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டிருந்தான். சூடாக வந்தது. சூடாக வரவர அவனுக்கு உயிர் வந்தது. நாகையா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். யமுனாவின் தோள் அசையவில்லை. வயிற்றுவலியோடு வந்த நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ஆபரேஷன் செய்தார்கள், தையல் பிரித்தார்கள், மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மெஷினுக்கு வந்து பிழைத்த முதல் நோயாளி.

மேடம் திரையை மேலிருந்து கீழே படித்தாள். மறுபடி கீழிருந்து மேலே போனாள். பேனா எங்கேயும் நிற்கவில்லை.

"சால பாகுந்தி யமுனா. மண்டே வந்து ஜாயின் பண்ணிடு."

செங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நாகையா மட்டும் முன்னால் வந்தார்.

"எங்க ஜாயின் பண்றது மேடம்?"

"திருப்பதில. ஆஃபீஸ்ல."

"வீட்லயே செய்யற வேலைன்னு சொன்னாங்களே?"

"வீட்லதான் அங்க்கிள். ஃபர்ஸ்ட் மூணு மாசம் ஆஃபீஸ்ல ட்ரெய்னிங். நைட் ஷிஃப்ட், அமெரிக்கா டைம் கதா. லேடீஸ் ஹாஸ்டல் உந்தி, ஏமி பயம் இல்ல. அப்புறம் வீட்லயே செய்யட்டும்." அவள் எழுந்தாள். நாற்காலி அவளை விட மனசில்லாமல் விட்டது. "மண்டே வரலன்னா வேற பொண்ணு வெயிட்டிங்ல இருக்கு."

மேடம் போன பிறகு கூடத்தில் கம்ப்யூட்டரின் இரைச்சல் மட்டும் இருந்தது. ஒரு நாள் பூராவும் அது ஓடவில்லையே என்று தவித்தவர்கள், இப்போது அதை யாராவது நிறுத்தினால் தேவலை என்று நின்றார்கள்.

"எதுக்கு வாங்கினேன் இத்த?" என்றார் நாகையா. பெட்டியைப் பார்த்துத்தான் கேட்டார். "பொண்ணு வெளிய போவாம வேலை செய்யத்தானே?"

"நைனா, மூணு மாசந்தான்..." என்று ரமணா ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா."

"நான் போறேன் நைனா" என்றாள் யமுனா.

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் என்றால், பக்கத்துக் கடைக்குப் போகிறேன் என்பதுபோல. அவள் கையில் அந்தக் கண்ணாடிக் காகிதம் இன்னும் இருந்தது. டெஸ்ட் முடியும்வரை மடியில் வைத்திருந்தாள்போலும். நாகையா கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். அவர் அதைத் தொடையில் வைத்து நீவிப் பார்த்தார். நடுவில் சுருங்கின இடம் நேராக வரவில்லை. இன்னொரு தடவை நீவினார்.

போன் அடித்தது.

பிளாஸ்டிக்குக்குள்ளிருந்து, தண்ணீருக்கு அடியில் அடிக்கிற மாதிரி. குடுபல்லி என்று எல்லோருக்கும் தெரியும். எதிர் வீட்டில் மணியம்மா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

நாகையா எழுந்து போனார். ரிசீவரில் கை வைத்தார். எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அவர் குனிந்து, உறையின் மூலையைத் தேடி, நகத்தை உள்ளே விட்டார்.

பழைய பிளாஸ்டிக். ஒரே இழுப்பில் வரவில்லை. பட்டை பட்டையாகக் கிழிந்து வந்தது. உள்ளே ரிசீவர் அன்றைக்குத்தான் கடையிலிருந்து வந்ததுபோல் கறுப்பாக மின்னியது. அதைக் காதில் வைத்துக்கொண்டு, தன் மனைவி மக்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"அலோ" என்று கத்திவிட்டு, மறுமுனை இவ்வளவு கிட்டத்தில் இருப்பதை எதிர்பார்க்காதவர்போல் ஒரு கணம் திகைத்தார்.

அதற்குப் பிறகு நாகையா அந்தப் போனில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். ரமணா யமுனாவைப் பார்த்தான். யமுனா செங்கம்மாவைப் பார்த்தாள். தெருவே காதை நீட்டிக்கொண்டு நின்றது.

அவர் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை.